இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை: நடந்தே போக ஒரு முழு வழிகாட்டி

இராயபுரம் ரயில் நிலையத்தில் ஆரம்பித்து, திருவொற்றியூரில் பட்டினத்தார் கோயிலில் முடிகிற இந்த நடை ஏறக்குறைய 8 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் வீசி நடந்தால் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். நின்று, பார்த்து, டீ குடித்து, கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்து போனால் அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாளையும் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. வடசென்னையைப் பற்றி வெளியே பேசப்படுவதெல்லாம் சண்டையும் புகையும்தான். இங்கே நடந்து பார்த்தவர்கள் வேறு மாதிரி பேசுவார்கள்.

பட்டணத்துக்காரர்கள் ஒற்றியூர்க் கோயிலுக்கு நடந்து போவது காலங்காலமாக உள்ள வழக்கம். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் குடியிருந்த வள்ளலார், 1858இல் சென்னையை விட்டுக் கிளம்பும்வரை, வடிவுடையம்மனைப் பார்க்க நடந்தே போய் வந்தவர். 'வடிவுடை மாணிக்க மாலை' அப்படிப் பிறந்த பாட்டுதான். நாம் கொஞ்சம் கிழக்கே தள்ளி, மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டைத் தொட்டுக்கொண்டு போகப் போகிறோம்.

எந்தச் சாலையில் போவது?

இதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். போனில் மேப்பைத் திறந்து பார்ப்பவர்கள் எல்லோருக்கும் கண்ணில் படுவது எண்ணூர் விரைவுச் சாலை. காசிமேட்டிலிருந்து கடலை ஒட்டியே வடக்கே போகிறது, திரும்ப வேண்டிய இடமே இல்லை, பிறகென்ன என்று தோன்றும். தயவுசெய்து அதில் நடக்காதீர்கள். அது துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் கன்டெய்னர் லாரிகளின் சாலை. துறைமுக வாசலில் நெரிசல் என்றால் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நடப்பவர் அந்த வரிசைக்கும் ஓடுகிற லாரிகளுக்கும் நடுவே போக வேண்டியிருக்கும். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, வண்டியின் இடப்பக்கம் ஒட்டி நடக்கும் ஆள் கண்ணுக்கே தெரியமாட்டார். லாரி நின்றுகொண்டிருந்தாலும் அதன் முன்பக்கமாகக் குறுக்கே போகாதீர்கள்.

இவ்வளவு ஆபத்துக்கும் கடலாவது தெரியுமா என்றால், பாதி இடங்களில் அதுவும் கிடையாது. அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் குவியல்தான் தெரியும்.

அதனால் என் வழி இதுதான். கடலைக் காசிமேட்டில் ஒரு முறையும் பட்டினத்தார் கோயிலில் ஒரு முறையும் நன்றாக, நேரம் எடுத்துப் பாருங்கள். நடுவில் முழுக்க ஊருக்குள் நடங்கள். விரைவுச் சாலையைக் குறுக்கே கடக்கலாம், அதன் ஓரமாக நடக்க வேண்டாம்.

கிளம்புவதற்கு முன்

தை, மாசிதான் சரியான மாதங்கள். சித்திரையிலும் வைகாசியிலும் வெயிலைவிடப் புழுக்கம் ஆளை அடித்துவிடும். போதாததற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, காசிமேட்டில் ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருகிற மீன்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் வேண்டாம். தேங்கிய தண்ணீருக்கு அடியில் கால்வாய் மூடி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டில் பாதிச் சென்னை மீன் வாங்க நிற்கும். அந்தக் கூட்டத்தைப் பார்ப்பதும் ஒரு அனுபவம்தான், ஆனால் முதல் தடவை போகிறவர்கள் வேறு கிழமையில் போனால் நின்று பார்க்க இடம் கிடைக்கும்.

காலை ஐந்தரைக்கெல்லாம் இராயபுரத்தில் இருங்கள். எட்டு மணிக்கு மேல் காசிமேட்டில் ஏலத்தின் சூடு ஆறிவிடும், நண்பகலில் திருவொற்றியூர்க் கோயில் நடை சாத்திவிடுவார்கள். இரண்டையும் பிடிக்க வேண்டுமானால் இந்த நேரம்தான் ஒத்துவரும்.

காலுக்கு ரப்பர் அடி உள்ள ஷூ அல்லது பிடிமானமான செருப்பு. தோல் செருப்பு வேண்டாம், மீன் தண்ணீரில் நனைந்தால் அந்த நாற்றம் பிறகு போகவே போகாது. மடித்துவிட வசதியாக உள்ள பேன்ட் அல்லது உயர்த்திக் கட்டிய சேலை, சுடிதார். ஒரு தண்ணீர் பாட்டில், சில்லறை, தொப்பி, கால் துடைக்க ஒரு துண்டு. முதல் பாதி வழியில் நல்ல கழிப்பறை கிடைப்பது கஷ்டம், வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள். இரண்டாம் பாதியில் மெட்ரோ நிலையங்கள் இருப்பதால் கவலை இல்லை.

இராயபுரம் வந்து சேர, சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம். ரயில் உடனே இல்லையென்றால் கடற்கரை நிலையத்திலிருந்து ராஜாஜி சாலை வழியாக நடந்தாலும் 2 கிலோமீட்டருக்குள்தான்.

முதல் கட்டம்: இராயபுரம்

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நேரே நடையைக் கட்டிவிடாதீர்கள். எதிர்ப்பக்கம் போய் நின்று, கட்டடத்தைத் திரும்பிப் பாருங்கள். சிவப்புச் சுவரும் வரிசையாக வெள்ளைத் தூண்களுமாக ஒரு மாளிகை மாதிரி இருக்கும். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. பம்பாய்ப் பக்கமும் கல்கத்தாப் பக்கமும் அதற்கு முன்பே ரயில் விட்டுவிட்டார்கள். ஆனால் அங்கே முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. அதனால் நாட்டில் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இதுதான் மூத்தது. இவ்வளவு பெருமையுள்ள இடத்தில் இன்று நிற்பது பெரும்பாலும் புறநகர் ரயில்கள் மட்டுமே என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அடுத்து மாதா கோயில் தெருக்கள் பக்கம் போங்கள். ஊருக்கே பெயர் கொடுத்த புனித இராயப்பர் ஆலயம் இங்கேதான். இதைக் கட்டியவர்கள் படகுக்காரச் சமூகத்தார். துறைமுகம் வருவதற்கு முன், சென்னைக்கு வந்த கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் நடுக்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணியே அடிக்காமல் பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் விறைத்து நின்று உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகை ஓட்டிய கைகளின் சம்பாத்தியத்தில் எழுந்த கோயில் என்று நினைத்துக்கொண்டு பாருங்கள்.

மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிகளின் அக்கினிக் கோயிலும் இருக்கிறது. 1910இல் கட்டியது. பார்சிகள் தவிர வேறு யாருக்கும் உள்ளே அனுமதி கிடையாது, அதனால் வாசலோடு பார்த்துவிட்டு நகருங்கள். காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை.

இங்கே ஒரு டீ குடித்துவிட்டு, சூரியநாராயண செட்டி தெருவைப் பிடியுங்கள். உள்ளூரில் எஸ்.என். செட்டி தெரு என்றால்தான் சட்டென்று கை காட்டுவார்கள். அது வடக்கே காசிமேடு வரை கொண்டுபோய் விடும். நடைபாதை இருக்கும் இடத்தில் நடைபாதை, இல்லாத இடத்தில் வலப்பக்க ஓரம். எதிரே வரும் வண்டி உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. இந்த விதி வழி முழுக்கப் பொருந்தும்.

இரண்டாம் கட்டம்: காசிமேடு

வழியிலேயே மீன்பாடி வண்டிகளும் ஐஸ் ஏற்றிய வண்டிகளும் கூட ஆரம்பித்துவிடும். அவை போகிற திசையில் போனாலே மீன்பிடித் துறைமுக வாசல் வந்துவிடும். அங்கே சாலையைக் கடக்கும்போது மட்டும் அவசரம் வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து கடப்பார்கள், அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

உள்ளே தரை முழுக்க ஈரம். ஐஸ் உருகிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், செதில். பாதத்தை முழுசாகப் பதித்து, சின்ன அடியாக வையுங்கள். தலையில் கூடையோடும் கையில் பெட்டியோடும் வருபவர்கள் "வழி, வழி" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார்கள். குரல் கேட்டதும் ஒதுங்கிவிட வேண்டும். அவர்கள் நின்றால் பின்னால் வருகிற வரிசையே நின்றுபோகும்.

ஏலம் நடக்கும் இடத்தில் ஓரமாக நின்று பத்து நிமிஷம் கவனியுங்கள். தரையில் கொட்டிய மீன் குவியலைச் சுற்றி வியாபாரிகள், பெரும்பாலும் பெண்கள், குனிந்து நிற்பார்கள். ஒருவர் விலையைச் சொல்லிக்கொண்டே போவார். வாங்குகிறவர் வாய் திறந்து கேட்கவே மாட்டார், ஒரு தலையசைப்பு, ஒரு விரல், அவ்வளவுதான். அதற்குள் குவியல் கை மாறியிருக்கும். சங்கரா, கிழங்கான், கானாங்கெளுத்தி, காரப்பொடி, கடம்பா, வவ்வால் என்று ஒவ்வொன்றும் தனிக் குவியல். வஞ்சிரத்துக்கு மட்டும் தனி மரியாதை, ஒன்றின் மேல் ஒன்று போடாமல் வரிசையாகப் படுக்க வைத்திருப்பார்கள்.

புதுமீனா என்று பார்க்க, செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள். செவுள் ரத்தச் சிவப்பாகவும், கண் குழி விழாமல் பளபளப்பாகவும், விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்பியும் இருந்தால் அன்று பிடித்த மீன். இதெல்லாம் தெரிந்துகொள்ளலாம், ஆனால் இன்று வாங்காதீர்கள். இன்னும் 6 கிலோமீட்டர் நடக்க வேண்டும், கோயிலுக்கும் போக வேண்டும். மீனுக்கென்று இன்னொரு நாள் வாருங்கள்.

கூட்டத்தை விட்டுப் படகுகள் கட்டியிருக்கும் பக்கம் போனால் வலை பின்னுபவர்களைப் பார்க்கலாம். உட்கார்ந்து, காலை நீட்டி, கட்டைவிரலில் வலையின் ஒரு ஓரத்தை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு கையில் நூல் சுற்றிய பிளாஸ்டிக் ஊசி. கிழிந்த கண்ணை முதலில் கத்தியால் வெட்டிச் சுத்தமாக்கிவிட்டு, ஊசியை உள்ளே விட்டு, வளைத்து, முடிச்சைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி இறுக்குவார்கள். பேச்சு பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். கண் வலையில் இருக்காது, விரல்தான் அடுத்த கண்ணைத் தேடிப் போகும். விரித்துப் போட்டிருக்கும் வலையை எக்காரணம் கொண்டும் மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். போட்டோ எடுக்க வேண்டுமானால், "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் போதும், மறுக்கிறவர்கள் குறைவு. கேட்காமல் எடுத்தால் கோபம் வரும், வருவது நியாயமும்கூட. அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குள் நாம் வந்திருக்கிறோம்.

வெளியே கூழ் வண்டி இருந்தால் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடியுங்கள். சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய் தொட்டுக்கொண்டு குடித்தால் பதினொரு மணிவரை பசிக்காது. கருவாடும் வைத்திருப்பார்கள். கோயிலுக்குப் போவதால் கவுச்சி வேண்டாம் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் கட்டம்: புதுவண்ணாரப்பேட்டைத் தெருக்கள்

துறைமுகத்திலிருந்து திரும்பவும் சாலையைக் கடந்து ஊருக்குள் வாருங்கள். இங்கிருந்து சுங்கச்சாவடி வரை சுமார் 2 கிலோமீட்டர். தெருத் தெருவாக வழி சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும், சுலபமான குறிப்பு ஒன்று சொல்கிறேன். கடலுக்கு இணையாக மேற்கே திருவொற்றியூர் நெடுஞ்சாலை, அதாவது டி.எச். ரோடு, வடக்கே போகிறது. மெட்ரோ ரயில் தண்டையார்பேட்டை வரை தரைக்கு அடியில் வந்து, புதுவண்ணாரப்பேட்டையில் மேலே ஏறிவிடும். அதனால் நீங்கள் தெருக்களில் ஒரு முறை வடக்கே, ஒரு முறை மேற்கே என்று மாறி மாறிப் போய்க்கொண்டே இருங்கள். மெட்ரோ தூண்களும் மேம்பாலமும் கண்ணில் பட்டால் டி.எச். ரோட்டுக்கு வந்துவிட்டீர்கள். சந்தேகம் வந்தால் "டோல்கேட் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். சுங்கச்சாவடி என்று மெட்ரோ பலகையில்தான் இருக்கும், வாயில் டோல்கேட்தான்.

வழிகாட்டிகள் வழக்கமாகத் தாண்டிவிடுகிற பகுதி இது. எனக்கு இந்த நடையில் மிகவும் பிடித்தது இதுதான். ஏழு, ஏழரை மணிக்கு இந்தத் தெருக்கள் முழு வேகத்தில் இருக்கும். வாரியக் குடியிருப்பு வாசலில் தண்ணீருக்காக வரிசையாகக் குடங்கள், கோலத்துக்கு ஓரமாக நிறுத்திய மீன்பாடி வண்டி, மாடிக் கம்பியில் காயும் பள்ளிச் சீருடை, தெரு முனையில் இட்லி சுடும் அக்கா. இரண்டு இட்லியும் ஒரு வடையும் இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். பெரிய ஓட்டலைத் தேட வேண்டியதில்லை. இலையில் தாள் போட்டுக் கட்டித் தருவதைவிட, அங்கேயே நின்று சூடாகச் சாப்பிடுவதுதான் ருசி.

கேரம் போர்டு இல்லாத தெரு இங்கே அபூர்வம். சின்ன அறையில் ஒரு பல்பு, நான்கு ஸ்டூல், பவுடர் பூசிய பலகை, அதுதான் மன்றம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். மாலையில் வந்தால் பையன்களும் பெண்பிள்ளைகளும் ஆடுவதைப் பார்க்கலாம். காலையில் பலகை சுவரோரம் சாய்ந்திருக்கும்.

தெருக்கள் குறுகல். வீட்டு வாசல் என்பது இங்கே வீட்டின் ஒரு அறை மாதிரிதான், சமையலும் தலை சீவுவதும் அங்கேயே நடக்கும். கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு நடங்கள். "யார் வீட்டுக்குப்பா?" என்று கேட்டால், திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்து போகிறோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். குறுக்கு வழி, தண்ணீர், சில சமயம் துணைக்கு ஒரு பையன் எல்லாம் கிடைக்கும்.

நான்காம் கட்டம்: டோல்கேட்டிலிருந்து காலடிப்பேட்டை வழியாகத் தேரடி

டோல்கேட்டைத் தாண்டினால் திருவொற்றியூர். 2011இல் மாநகராட்சியோடு சேரும்வரை திருவொற்றியூர் தனி நகராட்சி. இன்றும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பாரிமுனைக்குப் போவதைப் "பட்டணம் போறேன்" என்று சொல்வதைக் கேட்கலாம்.

இங்கிருந்து தேரடி வரை சுமார் 2 கிலோமீட்டர், நேர் சாலை. மெட்ரோ தூண்கள் நடுவே எழுந்ததில் சாலை குறுகிவிட்டது, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஓரத்தை உரசிக்கொண்டு நிற்கும். நடைபாதையில் கடைச் சரக்கு, பைக், மின்பெட்டி எல்லாம் இருக்கும். ஒரே நல்லது, மேம்பாலத்தின் நிழல். வேகமாக நடந்து கடந்துவிடலாம். கழிப்பறைக்கும் கொஞ்சம் உட்காருவதற்கும் டோல்கேட் மெட்ரோ நிலையத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

காலடிப்பேட்டையில் மட்டும் சாலையை விட்டு உள்ளே திரும்புங்கள். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய ஊர் இது. காலட்பேட்டை பேச்சு வழக்கில் காலடிப்பேட்டையாகிவிட்டது. இங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் அந்தக் காலத்ததுதான். காலட்டிடம் கணக்கெழுதிய ஒருவர் காஞ்சி வரதர்மேல் தீராத பக்தி கொண்டவர், அவருடைய பக்தியைக் கண்டு வியந்து, காஞ்சி வரை அலைய வேண்டாம் என்று ஆளுநரே இங்கே கோயில் எழுப்பினார் என்பது ஊர்க்கதை. சாலையின் இரைச்சலிலிருந்து உள்ளே திரும்பினாலே காதுக்கு ஓய்வு கிடைக்கும். பத்து நிமிஷம் போதும், திரும்பவும் டி.எச். ரோட்டுக்கு வந்துவிடுங்கள்.

அப்புறம் தேரடி. வள்ளலார் வரலாற்றில் இந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு. அவர் வழக்கமாக நெல்லிக்காய்ப் பண்டாரம் சந்து வழியாகத்தான் கோயிலுக்குப் போவாராம். தேரடித் தெருவில் திண்ணையில் ஒரு துறவி இருந்தார். போகிற வருகிறவர்களை எல்லாம், இதோ மாடு போகிறது, நாய் போகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள் வள்ளலார் அந்தத் தெரு வழியாக வந்தபோது, இதோ ஒரு மனிதர் போகிறார் என்றாராம். கோயிலுக்குள் நுழைவதற்கு முன் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டிய கதை.

ஐந்தாம் கட்டம்: தியாகராஜர் கோயில்

காசிமேட்டு ஈரத்தில் நடந்த கால், கோயிலுக்குள் போவதற்கு முன் நன்றாகக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரை மணிக்கு இங்கே வந்துவிட்டால் நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் இருக்கிறது. பௌர்ணமி நாளில், அதுவும் வெள்ளிக்கிழமையில் வந்தால், கூட்டம் சொல்லி மாளாது. காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் இருக்கிறது. நடப்பவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைத் திறந்து, புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். மழை பெய்தாலும் பரவாயில்லை என்று அந்த மூன்று நாளில் ஒன்றைப் பிடித்தால் நல்லது, நடையை மெட்ரோவில் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

தரிசனம் முடிந்ததும் பிரகாரத்தில் கருவறையின் பின்பக்கம் போங்கள். பெரும்பாலானவர்கள் கும்பிட்டுக்கொண்டே வேகமாகக் கடந்துபோகிற இடம். சுவர் சதுரமாகத் திரும்பாமல், அரைவட்டமாக வளைந்து வரும். தூங்கானை மாடம் என்கிற அமைப்பு. முதலாம் இராஜேந்திரன் காலத்தில் கருங்கல்லில் எடுத்த பணி. இத்தனை கெட்டியான கல்லை இந்த வளைவுக்குக் கொண்டுவந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு பிசிறு தெரியாமல் பொருத்தியிருக்கிறார்கள். சுவர்களில் கல்வெட்டுகள் நிறைய. கையால் தடவாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று பார்த்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்துகள் எழும்பித் தெரியும்.

மகிழ மரத்தையும் பார்த்துவிடுங்கள். இந்த ஊரில்தான் சுந்தரர் சங்கிலியாரை மணந்தார். உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்தது இந்த மகிழடியில். சன்னிதியில் சத்தியம் செய்யச் சொன்னால் மீற முடியாதே, அந்த நேரம் நீ மகிழ மரத்துக்குப் போய்விடு என்று சுந்தரர் சிவனிடம் பேசிவைக்க, சிவனோ சங்கிலியாரின் கனவில் போய், மகிழடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். பிறகு திருவாரூர் நினைப்பு வந்து சுந்தரர் கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை இன்றைக்கும் நடக்கிறது. சங்கிலியாரின் பக்கம் நின்று கேட்டால் இந்தக் கதை எனக்கு ஒவ்வொரு முறையும் கனக்கிறது.

ஆறாம் கட்டம்: பட்டினத்தார் கோயிலும் கடலும்

கோயிலிலிருந்து கிழக்கே பத்து, பதினைந்து நிமிஷ நடை. விரைவுச் சாலையைக் கடக்க வேண்டும். லாரிகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்ததும் ஓடாதீர்கள், அந்த லாரியை முந்திக்கொண்டு ஒரு பைக் வரும். இரண்டு பக்கமும் முழுசாகத் தெரியும் இடத்தில் நின்று, உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து கடங்கள்.

பட்டினத்தார் அடங்கிய இடம் இது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையில் ஒரு பேய்க்கரும்போடு ஊர் ஊராகத் திரிந்தார், அதன் நுனி இங்கே வந்ததும் இனித்தது என்பார்கள். சின்னக் கோயில், லிங்க வடிவம். ஆடி உத்திராடத்தில் குருபூஜை. மற்ற நாளில் அமைதியாக உட்காரலாம், நடந்த காலுக்கு அது தேவைப்படும்.

இங்கே கடலைப் பார்க்கும்போது ஒன்றைத் தெரிந்துகொண்டு பாருங்கள். இந்தக் கரை இப்படிக் கல்லாக இருந்ததில்லை. சென்னைத் துறைமுகத்தின் வேலை 1875இல் தொடங்கியது. வங்கக் கடலோரத்தில் அலைகள் வருஷத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் குறுக்கே நீண்டதும் அந்த மணல் தெற்கே தேங்கிவிட்டது. மெரினா அகன்றது அப்படித்தான். வடக்கே மணல் வரவில்லை, ஆனால் அலை மட்டும் வந்து இருந்த மணலையும் அள்ளிக்கொண்டு போனது. இராயபுரத்திலிருந்து வடக்கே குப்பங்கள் வீடுகளையும் கோயில்களையும் கடலுக்குக் கொடுத்தன. அதைத் தடுக்கக் கொட்டியவைதான் இந்தக் கருங்கற்கள். கடலுக்குள் கை நீட்டுவது போல அங்கங்கே கட்டியிருப்பவை தூண்டில் வளைவுகள். இரண்டு வளைவுக்கு நடுவே கொஞ்சம் மணல் சேரும், அந்தச் சின்ன இடத்தில் ஃபைபர் படகுகளை ஏற்றி வைத்திருப்பார்கள். மெரினாவில் காற்று வாங்குகிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது இங்கே வந்து, அந்த மணலுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கற்களின் மேல் ஏறாதீர்கள். பாசி பிடித்தவை வழுக்கும், பிடிக்காதவை ஆடும், இடுக்கில் கால் போனால் எடுப்பது கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் அலை கல்லைத் தாண்டியே வந்து அடிக்கும். குளிக்க இறங்குவது கூடவே கூடாது.

திரும்ப, அல்லது இன்னும் வடக்கே

பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் நடை முடிந்துவிடும். திரும்பி மேற்கே வந்தால் திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையம். சென்ட்ரல், அண்ணா சாலை வழியாக விமான நிலையம் வரை இங்கிருந்து நேர் ரயில் உண்டு. கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர்ப் பக்கம் போகிறவர்களுக்குத் திருவொற்றியூர் புறநகர் ரயில் நிலையம், அது இன்னும் மேற்கே, ஆட்டோவில் போய்விடலாம். வயதானவர்களோடு வருகிறவர்கள் வழியில் எந்த இடத்திலும் நடையை நிறுத்திக்கொள்ளலாம். டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி மூன்றும் அடுத்தடுத்த மெட்ரோ நிலையங்கள்தான்.

கால் இன்னும் தாங்கும், எண்ணூர் வரை போகலாமே என்று சிலருக்குத் தோன்றும். அன்றைக்கு வேண்டாம். வெயில் உச்சிக்கு வந்திருக்கும், அந்தச் சாலையில் நிழலும் குறைவு. 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். முதல் அசோக் லேலண்ட் வரை ஆலைகளின் வரலாறு அந்தப் பக்கம் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரமும், சாம்பலிலும் எண்ணெயிலும் மாட்டிக்கொண்ட மீனவக் கிராமங்களும் இருக்கின்றன. களைத்த காலோடு ஓட்டமாகப் பார்க்க வேண்டிய இடங்கள் அல்ல அவை. தனியாக ஒரு காலையை ஒதுக்கி, ரயிலில் எண்ணூரில் இறங்கி, அங்கிருந்து முகத்துவாரத்தை நோக்கி நடக்க ஆரம்பியுங்கள். அந்த நடைக்கும் இதே ஐந்தரை மணிக் கணக்குதான்.